மறைந்தபோது தெரிந்த வளையம்

1977 மார்ச் 10, இரவு. ஜவ்வாது மலையில் காவலூர் வானோக்கு நிலையத்தின் 1 மீட்டர் தொலைநோக்கி, வெறும் கண்ணுக்குப் புலப்படாத ஒரு மங்கல் நட்சத்திரத்தை விடாமல் பார்த்துக்கொண்டிருந்தது. யுரேனஸ் கிரகம் அன்றிரவு அந்த நட்சத்திரத்துக்குக் குறுக்கே வரப்போகிறது என்று கணக்கிட்டிருந்தார்கள். நட்சத்திரத்தின் ஒளி எப்படி மங்குகிறது என்பதை வைத்துக் கிரகத்தின் வளிமண்டலத்தை அளக்கலாம். ஜே.சி. பட்டாச்சார்யாவும் கே. குப்புசாமியும் அதற்காகத்தான் விழித்திருந்தார்கள்.

கிரகம் இன்னும் நட்சத்திரத்தை எட்டவில்லை. அதற்குள் ஒளி சட்டென்று இறங்கியது. சில விநாடிகளில் பழையபடி ஏறிவிட்டது. அதே இரவில் இந்தியப் பெருங்கடலுக்கு மேலே பறந்துகொண்டிருந்த அமெரிக்க ஆய்வு விமானம் ஒன்றிலும் இதே மாதிரி இறக்கங்கள் அடுத்தடுத்துப் பதிவாயின. யுரேனஸைச் சுற்றி வளையங்கள் இருப்பது இப்படித்தான் தெரியவந்தது. 1781இல் வில்லியம் ஹெர்ஷல் அந்தக் கிரகத்தைக் கண்டுபிடித்ததிலிருந்து ஏறக்குறைய இருநூறு ஆண்டுகளாக எத்தனையோ பேர் அதைப் பார்த்திருக்கிறார்கள். கரிபோல் கறுத்த வளையம் யாருடைய பார்வைக்கும் சிக்கவில்லை. பின்னால் இருந்த வெளிச்சம் மறைந்த அந்தச் சில விநாடிகளில்தான் அது சிக்கியது.

மலையடிவாரத்து ஊர் ஒன்றின் கல்லூரியில் இயற்பியல் நடத்துகிறேன். இந்தக் கதையை எத்தனையோ வகுப்புகளில் சொல்லியிருக்கிறேன். இதற்கும் மனசுக்கும் சம்பந்தம் இருக்கிறது என்பதை எனக்குக் காட்டியவள், ஜமுனாமரத்தூருக்கு அப்பால் ஒரு சிற்றூரிலிருந்து வந்த முதலாண்டு மாணவி.

முதல் இன்டர்னல் தேர்வு முடிந்த வாரம். துறை வாசலில் வந்து நின்றாள். “டி.சி. வாங்கிக்கினு போயிடறேன் சார்” என்றாள். என்னம்மா ஆச்சு என்று கேட்டதற்கு, கோர்வையாக ஒன்றும் சொல்லத் தெரியவில்லை. பாடமெல்லாம் இங்கிலீஷில் ஓடுகிறது. ஹாஸ்டல் வராண்டாவில் ராத்திரி முழுக்க டியூப்லைட் எரிகிறது, இருட்டில்லாமல் தூக்கம் வரவில்லை. அவள் பேசும் விதத்தைப் பார்த்துப் பக்கத்துக் கட்டில் பெண் சிரிக்கிறாள். கடைசியில் தலையைக் குனிந்துகொண்டு, “எங்களுக்கெல்லாம் இது ஒத்துவராது சார்” என்றாள்.

நான் அன்று செய்தது தவறு. உதவித்தொகை வருகிறது, ஹாஸ்டலில் மூன்று வேளை சாப்பாடு கிடைக்கிறது, அரசுப் பள்ளியில் படித்ததால் புதுமைப்பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் வருகிறது, இதற்கெல்லாம் நன்றியோடு இருக்க வேண்டாமா என்று அடுக்கினேன். பிள்ளையின் முகம் இறுகிவிட்டது. “சரி சார்” என்று போய்விட்டாள். நன்றி என்ற சொல்லை அவள் தலையில் ஒரு மூட்டையாக ஏற்றி அனுப்பியிருக்கிறேன் என்பது எனக்கு அப்போது உறைக்கவில்லை.

உளவியலில் இந்த வேறுபாட்டை அளந்தே பார்த்திருக்கிறார்கள். பிலிப் வாட்கின்ஸும் அவருடைய குழுவினரும் 2006இல் வெளியிட்ட ஆய்வில், ஒருவர் உதவி செய்வதாகக் கற்பனைச் சம்பவம் ஒன்றை மாணவர்களுக்குக் கொடுத்தார்கள். உதவியவர் பதிலுக்கு எதிர்பார்ப்பது கூடக்கூட, பெற்றவர் மனதில் கடன்பட்ட உணர்வு ஏறியது, நன்றியுணர்வு இறங்கியது. நம் பேச்சில் இரண்டையும் சேர்த்து ‘நன்றிக்கடன்’ என்கிறோம். மனசு அவற்றைத் தனித்தனிக் கணக்கில்தான் எழுதுகிறது.

உதவித்தொகையும் ஹாஸ்டலும் அந்தப் பெண்ணுக்கு உரிமை. அதற்காக அவள் யாரிடமும் கைகட்டி நிற்க வேண்டியதில்லை. மலைக் கிராமங்களின் பிள்ளைகளிடம் ‘நன்றியோடு இரு’ என்று சொல்கிற நாம் பெரும்பாலும் ‘வாயை மூடிக்கொண்டு இரு’ என்பதையே வேறு சொல்லில் சொல்கிறோம். வராண்டா விளக்கை அணைக்கச் சொல்லிக் கேட்பதும் நன்றியுணர்வும் ஒரே மனதில் தாராளமாக இருக்கலாம்.

அப்படியானால் நன்றியுணர்வு என்பதுதான் என்ன? திருக்குறளின் 11ஆம் அதிகாரத் தலைப்பிலேயே விடை இருக்கிறது. செய்ந்நன்றி அறிதல். அங்கே ‘நன்றி’ என்றால் ஒருவர் செய்த நன்மை. நாம் செய்யவேண்டியது அறிதல். வணங்குதல், திருப்பிக் கொடுத்தல் என்பதெல்லாம் தலைப்பில் இல்லை. ஒரு நன்மை நடந்தது, அதைச் செய்தவர் ஒருவர் இருக்கிறார் என்று கண்டுகொள்வது. இயற்பியல்காரன் காதுக்கு இது ஓர் அளவீட்டு வேலை மாதிரியே கேட்கிறது. அளவீடு என்றால் சிரமமும் உண்டு. ஏனென்றால், மாறாமல் இருப்பதை விட்டுவிடும்படிதான் நம் மூளை அமைந்திருக்கிறது.

இதைக் கண்ணிலேயே சோதித்துப் பார்க்கலாம். வெள்ளைத் தாளின் நடுவே அழுத்தமாக ஒரு புள்ளி வையுங்கள். ஓரத்தில் பென்சிலால் வெளிறிய கறை ஒன்றைத் தேய்த்துவிடுங்கள். புள்ளியையே இமைக்காமல் பார்த்துக்கொண்டிருந்தால் கொஞ்ச நேரத்தில் ஓரத்துக் கறை காணாமல் போய்விடும். தாளில் அது இருக்கும், பார்வையில் இருக்காது. சுவிட்சர்லாந்து மருத்துவர் இக்னாஸ் டிராக்ஸ்லர் 1804இல் எழுதிவைத்த விளைவு இது. மாற்றம் இல்லாத தூண்டலுக்கு நரம்புகள் பதில் சொல்வதைக் குறைத்துக்கொள்கின்றன. விழி தன்னையறியாமல் நுண்ணியதாக அசைந்துகொண்டே இருப்பதால்தான் மற்ற நேரங்களில் உலகம் நமக்கு அழியாமல் தெரிகிறது.

வாழ்க்கையிலும் இதே கதைதான். தினமும் வரும் பஸ், தினமும் வேகும் சோறு, தினமும் ‘சாப்ட்டியா’ என்று கேட்கும் குரல் எல்லாம் ஓரத்துக் கறைகள். பக்கத்துக் கட்டில் பெண்ணின் சிரிப்போ நடுப்புள்ளியாகக் குத்திக்கொண்டு நிற்கும். கெட்டது நல்லதைவிட ஆழமாகப் பதிகிறது என்பதை ராய் பாமைஸ்டரும் சக ஆய்வாளர்களும் 2001இல் ஏராளமான ஆய்வுகளைத் தொகுத்து நிறுவினார்கள். பாம்பைக் கவனிக்காமல் விட்டால் உயிர் போகும், பூவைக் கவனிக்காவிட்டால் ஒன்றும் ஆகாது. பரிணாமம் அப்படித்தான் நம்மைப் பழக்கியிருக்கிறது.

இதைக் கொஞ்சமாவது திருத்த முடியுமா என்று கல்லூரி மாணவர்களை வைத்தே பார்த்தவர்கள் கலிபோர்னியாவின் ராபர்ட் எம்மன்ஸும் மைக்கேல் மெக்கல்லோவும். 2003இல் வெளியான அவர்களுடைய ஆய்வில் சுமார் 200 மாணவர்கள். ஒரு பிரிவினர் வாரம் ஒருமுறை, அந்த வாரத்தில் நன்றி தோன்றிய விஷயங்களாக ஐந்து வரை எழுத வேண்டும். இன்னொரு பிரிவினர் எரிச்சலூட்டியவற்றை எழுத வேண்டும். மூன்றாவது பிரிவினர் நடந்ததைச் சும்மா எழுதினால் போதும். பத்து வாரம் இப்படி ஓடியது. நன்றிப் பட்டியல்களில் காலையில் கண் விழித்தது, நண்பர்களின் தாராளம், பிடித்த பாட்டுக் குழு என்று வந்தன. எரிச்சல் பட்டியல்களில் வண்டி நிறுத்த இடமில்லை, சமையலறையை யாரும் சுத்தம் செய்வதில்லை, காசு கரைகிறது. நம்மூர் ஹாஸ்டலில் கேட்டாலும் இதேதான் வரும். முடிவில் முதல் பிரிவினருக்கு வாழ்க்கைமேல் நிறைவு கூடியிருந்தது. உடல் உபாதைகளைக் குறைவாகச் சொன்னார்கள். உடற்பயிற்சிக்கும் கூடுதல் நேரம் கொடுத்திருந்தார்கள். தினமும் எழுதவைத்த அடுத்த சோதனையில், பிறருக்கு உதவியதாகச் சொன்னவர்களும் இந்தப் பிரிவில்தான் அதிகம்.

இதைப் பெரிதுபடுத்திவிடக் கூடாது. ஒஹையோ மாநிலப் பல்கலைக்கழகத்தின் டேவிட் கிரெக், ஜெனிஃபர் சீவன்ஸ் இருவரும் 27 ஆய்வுகளை ஒன்றாகச் சேர்த்துப் பார்த்தபோது, மனச்சோர்வுக்கும் பதற்றத்துக்கும் நன்றிப் பயிற்சிகள் தரும் பலன் மிகச் சிறியது என்று தெரிந்தது. மனச்சோர்வு நோயாக முற்றிய பிள்ளைக்கு டாக்டர்தான் வேண்டும், நோட்டுப் புத்தகம் போதாது. அடிக்கடி எழுதினால் நல்லது என்றும் சொல்ல முடியாது. சோன்யா லுபோமிர்ஸ்கியின் குழு மாணவர்களை வைத்துச் செய்த சோதனையில், ஆறு வாரத்தில் வாரம் ஒருமுறை எழுதியவர்களுக்குத்தான் மகிழ்ச்சி கூடியது. வாரம் மூன்றுமுறை எழுதியவர்களுக்குக் கூடவில்லை. எழுதுவதே பழகிப்போனால் அதுவும் ஓரத்துக் கறையாகிவிடும்போல.

நான் இவற்றையெல்லாம் தேடிப் படித்தது, டி.சி. கேட்ட பெண்ணை அப்படி அனுப்பிவிட்ட உறுத்தலில்தான். நல்லவேளையாக அவள் உடனே போய்விடவில்லை.

அந்தச் சனிக்கிழமை முதலாண்டு மாணவர்களைக் காவலூருக்குக் கூட்டிப்போனோம். வாணியம்பாடியிலிருந்து ஆலங்காயம் தாண்டி ஏறும் சாலை அது. அவளுடைய ஊருக்குப் போகும் பஸ்ஸும் அந்த வழியில்தான் போகும். ஜன்னலோரம் உட்கார்ந்து எத்தனையோ முறை குவிமாடங்களைப் பார்த்திருக்கிறாள். உள்ளே வந்ததில்லை. 1986இல் திறந்துவைத்த 2.34 மீட்டர் தொலைநோக்கியின் கீழே நின்று அண்ணாந்து பார்த்தாள். இந்த மலையை வானியலுக்காகத் தேர்ந்தெடுத்தவர் வைணு பாப்பு என்றும், இந்தப் பெரிய தொலைநோக்கியைப் பார்க்காமலே 1982இல் இறந்துவிட்டார் என்றும் சொன்னேன். அவளுடைய கேள்வி வேறு. “எங்க மலையவா சார் தேடி வந்தாங்க?” ஆமாம் என்றேன். மலையின் இருட்டைத் தேடித்தான் வந்தார்கள். எந்த இருட்டு இல்லாமல் அவளுக்கு ஹாஸ்டலில் தூக்கம் வரவில்லையோ, அதே இருட்டு.

யுரேனஸ் கதையை அங்கேயே நின்று சொன்னபோது, சொல்லிக்கொண்டிருந்த எனக்கே ஒன்று பிடிபட்டது. மின்கியுங் கூ, சாரா அல்கோ, டிமத்தி வில்சன், டேனியல் கில்பர்ட் ஆகியோர் 2008இல் வெளியிட்ட ஆய்வு நினைவுக்கு வந்தது. வாழ்க்கைத் துணையை எப்படிச் சந்தித்தீர்கள் என்று சிலரை எழுதச் சொன்னார்கள். சந்திக்காமலே போயிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று வேறு சிலரை எழுதச் சொன்னார்கள். கிடைத்ததை எழுதினால்தான் மனம் நிறையும் என்று நாம் நினைப்போம். கிடைக்காமல் போயிருந்தால் என்று எழுதியவர்களுக்குத்தான் உறவின்மேல் நிறைவு கூடியது. இருப்பதை மனதால் ஒரு கணம் மறைத்துப் பார்த்தால் அது புதிதாகிவிடுகிறது. காவலூரில் நட்சத்திரம் சில விநாடி மறைந்து வளையத்தைக் காட்டியதும் இதே முறையில்தான்.

திங்கட்கிழமை வகுப்பில் எல்லாருக்கும் ஒரு தாள் கொடுத்தேன். எதற்கெல்லாம் நன்றி என்று கேட்கவில்லை. ‘யார் ஒருவர் இல்லாமல் போயிருந்தால் இன்று நீ இந்த பெஞ்சில் இருந்திருக்க மாட்டாய்?’ இதுதான் கேள்வி. தமிழில் எழுதலாம், பெயர் போட வேண்டாம். ஆனால் அவளுடைய தாளை எனக்கு அடையாளம் தெரிந்தது. கோடு போடாத தாளிலும் வரிகள் நேராக ஓடியிருந்தன. எழுத்தை அழுத்தி எழுதியதில் பின்பக்கம் விரலுக்குத் தட்டுப்பட்டது. உண்டு உறைவிடப் பள்ளியில் பொதுத்தேர்வு மாதம் முழுக்க விடியற்காலை எழுப்பி டீ கொடுத்த சமையல்கார அம்மா. காபித் தோட்ட வேலைக்குப் போய்ப் பணம் அனுப்பும் அண்ணன். அவள் ஓடிவருவது தெரிந்தால் விசில் கொடுக்காமல் நிற்கும் கண்டக்டர். சாதிச் சான்றிதழுக்காக ஆர்.டி.ஓ. ஆபீஸ் வாசலில் அழுதுகொண்டு நின்றபோது ஃபாரத்தை வாங்கி நிரப்பிக் கொடுத்த, பக்கத்து ஊர் அக்கா. ஒவ்வொருவர் பெயருக்குக் கீழேயும், அவர் இல்லாவிட்டால் என்ன ஆகியிருக்கும் என்று ஒரு வரி. அக்காவின் பெயருக்குக் கீழே, ‘அன்னிக்கே வீட்டுக்குப் போய் சாமை அறுத்துக்கினு இருப்பேன்’ என்று இருந்தது.

அந்தப் பட்டியலில் உதவித்தொகை இல்லை. எல்லாரும் முகமுள்ள மனிதர்கள்.

‘எங்களுக்கெல்லாம் இது ஒத்துவராது’ என்ற நினைப்புக்கும் ஆராய்ச்சியில் ஒரு பதில் உண்டு. கிரெகரி வால்டனும் ஜெஃப்ரி கோஹனும் 2011இல் ‘சயின்ஸ்’ இதழில் எழுதிய ஆய்வு அது. முதலாண்டில் இங்கே நமக்கு இடமில்லை என்று தோன்றுவது எல்லாருக்கும் பொது, போகப்போக அது விலகும் என்று மூத்த மாணவர்கள் சொன்னதை முதலாண்டு மாணவர்களிடம் கொடுத்தார்கள். படித்துவிட்டு, அடுத்து வரப்போகிறவர்களுக்குத் தங்கள் சொந்த அனுபவத்திலிருந்து அதை எழுதிச் சொல்ல வேண்டும். மொத்தம் ஒரு மணி நேர வேலை. மூன்று ஆண்டுகளில் கறுப்பின மாணவர்களின் மதிப்பெண் உயர்ந்து, வெள்ளை மாணவர்களோடு இருந்த இடைவெளி பாதியாகக் குறைந்தது. அந்த ஒரு மணி நேரத்தில் என்ன சொன்னார்கள் என்பது அவர்களில் பெரும்பாலோருக்கு நினைவில்லை.

எங்கள் மலைப் பிள்ளைகளுக்கு இப்படிச் சொல்ல ஒரு மூத்தவர் இருக்கிறார். ஜவ்வாது மலை புலியூரைச் சேர்ந்த ஸ்ரீபதி. குழந்தை பெற்ற இரண்டாம் நாள் சென்னைக்குப் போய் சிவில் நீதிபதி தேர்வு எழுதி, 23 வயதில் வென்றவர். 2024 பிப்ரவரியில் அந்தச் செய்தி வந்த பிறகு, முதலாண்டு வகுப்பில் ‘ஒத்துவராது’ என்ற சொல்லை எதிர்கொள்வது எனக்குச் சுலபமாகியிருக்கிறது.

பொங்கல் விடுமுறைக்கு ஊருக்குப் போகுமுன் அவளிடம் ஒரு வேலை சொன்னேன். பட்டியலில் உள்ள ஒருவரை நேரில் பார்த்து, எழுதியதைச் சொல்லிவிட்டு வா. அவளுக்குக் கூச்சம். “என்னா நெனைப்பாங்களோ சார்” என்றாள். அமித் குமாரும் நிகலஸ் எப்லியும் 2018இல் வெளியிட்ட ஆய்வு இந்தக் கூச்சத்தைப் பற்றியதுதான். நன்றிக் கடிதம் எழுதுகிறவர்கள், பெறுகிறவருக்குச் சங்கடமாக இருக்கும் என்று கூடுதலாக நினைக்கிறார்கள். அவருக்கு எவ்வளவு மகிழ்ச்சியாக இருக்கும் என்பதைக் குறைத்தே கணக்குப் போடுகிறார்கள். அவளிடம் இதைச் சொல்லித்தான் பஸ் ஏற்றினேன்.

திரும்பி வந்தவள் நேராகத் துறைக்கு வந்தாள். ஃபாரம் நிரப்பிய அக்காவைப் பார்த்தாளாம். ஒரு குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு கடையில் நின்றிருந்தாராம். இவள் எல்லாவற்றையும் சொல்லி முடித்ததும் அக்கா கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, “எந்த ஃபாரம்?” என்று கேட்டாராம். அப்புறம் இவள் கையைப் பிடித்துக்கொண்டு வெகுநேரம் விடவில்லையாம்.

இந்த ஜூனில் சேர்க்கை நடந்தபோது வராண்டாவில் அவளைப் பார்த்தேன். மூன்றாமாண்டு வந்துவிட்டாள். தரையில் உட்கார்ந்து, மலையிலிருந்து வந்த ஒரு தகப்பனாரின் ஆதார் அட்டையைப் பார்த்துப் பார்த்து விண்ணப்பத்தை நிரப்பிக்கொண்டிருந்தாள். பக்கத்தில் நின்ற, புதிதாகச் சேர வந்த பெண், பையை நெஞ்சோடு அணைத்தபடி பேனா முனையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.