மழைநாட்டில் மோட்டார் வண்டி: பிளக்கைப் பற்றும் ஈரமும் துருவும்

இலங்கையின் மத்திய மலைநாட்டில் மழைக்குப் பஞ்சமில்லை. ஹட்டனுக்கு அணித்தேயுள்ள வட்டவளைப் பகுதியில் ஆண்டொன்றுக்கு 5,000 மில்லிமீற்றருக்கு மேற்பட்ட மழை பெய்கின்றது. மே முதல் செப்டெம்பர் வரை தென்மேற்குப் பருவக்காற்று மேற்குச் சரிவுகளை நனைத்துக்கொண்டேயிருக்கும். கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,868 மீற்றர் உயரத்தில் அமைந்த நுவரெலியாவிலோ, மழையில்லாத நாளிலும் மூடுபனி வீதியிலே வந்து நிற்கும். தேயிலைக் கொழுந்துக்கு இச்சூழல் உவப்பானது. பெற்றோலில் ஓடும் எஞ்சினுக்கு அவ்வாறன்று.

இரவு முழுதும் மழையில் நின்ற வண்டி காலையில் எளிதிற் புறப்படாது. புறப்பட்டாலும் இருமும், குலுங்கும், ஏற்றத்தில் இழுக்க மறுக்கும். தோட்டத்து லயங்களிலிருந்து ஒரு நோயாளியையோ பிரசவ வேதனைப்படும் தாயையோ நள்ளிரவில் வைத்தியசாலைக்குக் கொண்டுசெல்வது பெரும்பாலும் ஒரு வானோ முச்சக்கர வண்டியோதான். பொகவந்தலாவையிலிருந்தோ மஸ்கெலியாவிலிருந்தோ புறப்பட்ட அவ்வண்டி வளைவொன்றில் நின்றுவிட்டால், அது வெறும் இயந்திரக் கோளாறு அன்று. ஓர் உயிரைப் பற்றிய கேள்வியாகிவிடுகின்றது. ஆகவே இக்கோளாற்றின் காரணத்தை அறிந்துகொள்வது பாஸ்மாருக்கு மட்டுமன்றி, வண்டி வைத்திருக்கும் அனைவருக்கும் பயன் தரும்.

முதலில் பிளக் என்பது யாது எனக் காண்போம். பெற்றோலும் காற்றும் கலந்த கலவையைச் சிலிண்டருக்குள்ளே பற்றவைக்கும் சிறு கருவியே அது. 1860ஆம் ஆண்டிலேயே பிரான்சில் எத்தியன் லெனுவார் என்பவர் தமது வாயு எஞ்சினில் மின்பொறியைப் பயன்படுத்தினார். 1902இல் ஜெர்மனியில் றொபேட் பொஷ் நிறுவனத்துப் பொறியியலாளர் கொட்லொப் ஹொனோல்ட் உயர் அழுத்த மக்னீற்றோவையும் அதற்கேற்ற பிளக்கையும் உருவாக்கிய பின்னரே அது மோட்டார் வண்டிகளுக்கு நம்பத்தக்க துணையாயிற்று. டீசல் எஞ்சினில் இக்கருவி இல்லை; அங்கே காற்றை அழுத்துவதால் எழும் வெப்பமே எரிபொருளைப் பற்றவைக்கின்றது. எனவே கொழுந்து ஏற்றும் டீசல் லொறிக்கு இந்நோய் வருவதில்லை.

பற்றரியின் 12 வோல்ற்று மின்சாரத்தைக் கொயில் 15,000 வோல்ற்றுக்கும் அதற்கு மேலும் உயர்த்துகின்றது. அம்மின்சாரம் பிளக்கின் நடுத்தண்டின் வழியே இறங்கி, நுனியிலுள்ள ஏறத்தாழ ஒரு மில்லிமீற்றர் இடைவெளியைத் தாவும்போது பொறி பிறக்கின்றது. நடுத்தண்டைச் சூழ்ந்திருக்கும் வெண்பீங்கான், மின்சாரம் வேறு வழியிற் செல்லாதவாறு தடுக்கும் காவலாகும்.

மின்சாரம் எப்பொழுதும் எளிய வழியையே நாடும். பீங்கானின் புறத்தே நீர் படியும்பொழுது அக்காவல் தளர்கின்றது. தூய நீர் மின்சாரத்தை மிகக் குறைவாகவே கடத்தும். எனினும் வீதிப் புழுதியும் உப்பும் கலந்த நீர் நன்கு கடத்தும். அழுத்தம் மிகுந்த சிலிண்டருக்குள் தாவுவதைவிட, ஈரப் பீங்கானின் மேலாக ஓடி எஞ்சின் உலோகத்தை அடைவது மின்சாரத்துக்கு எளிதாகின்றது. உள்ளே பொறியில்லை, கலவை எரியாமலே வெளியேறுகின்றது. இதனையே ‘மிஸ்ஸிங்’ எனக் கராஜில் வழங்குவர்.

வண்டியின் அமைப்பும் இதிற் பங்குகொள்கின்றது. அலெக் இசிகோனிஸ் வடிவமைத்த மினி கார் 1959இல் வெளிவந்தபோது, எஞ்சின் குறுக்காக வைக்கப்பட்டிருந்தமையால் டிஸ்ரிபியூட்டர் முன்பக்கக் கிரில்லுக்குப் பின்னே நேராக அமைந்தது. மழையில் ஓடும்போது நீர் அதன்மீது தெறித்து வண்டியை நிறுத்திவிடுவது அக்காலத்தில் யாவரும் அறிந்த குறை. அவரே முன்னர் வடிவமைத்து 1948இல் வெளிவந்த மொறிஸ் மைனரில் எஞ்சின் நீளவாக்கில் இருந்தது. எனவே நீர்த் தெறிப்பு அதற்குக் குறைவு. இக்காலத்துக் கார்கள் பலவற்றில் பிளக், சிலிண்டர் ஹெட்டின் நடுவே ஆழமான குழியொன்றில் நிமிர்ந்து நிற்கின்றது. கிணறு போன்ற அக்குழியுள் நீர் புகுந்தால் வடிந்துபோக வழியில்லை. எஞ்சினை வேகமான நீர்த்தாரையாற் கழுவும் வழக்கமும், கண்ணாடியின் கீழுள்ள வடிகாலை இலைகள் அடைத்துக்கொள்வதால் எஞ்சின்மீது ஒழுகும் மழைநீருமே இதற்குப் பெருங் காரணங்கள்.

நீர் தேங்கினால் துரு தொடர்கின்றது. பிளக்கின் உடல் உருக்கு. புதிய எஞ்சின்களின் ஹெட் அலுமினியம். வேறுபட்ட இரு உலோகங்கள் ஈரத்திற் சேர்ந்திருந்தால் ஒரு சிறு பற்றரியைப் போலாகி, அவற்றுள் அலுமினியம் அரிக்கப்படுகின்றது. திருகுப்புரியில் வெண்மையான தூள் படிந்து, பிளக் இறுகிவிடும். பழைய மொறிஸ் எஞ்சினின் ஹெட் வார்ப்பிரும்பாகையால் அங்கே செந்துருவே மிகுதி.

இனி, நோயைக் கண்டறியும் முறை. முதற்கேள்வி: கோளாறு எப்பொழுது தோன்றுகின்றது? ஈரக் காலையில் தோன்றி, எஞ்சின் சூடேறியதும் மறையுமாயின் ஈரமே காரணம் எனப் பெரிதும் ஐயுறலாம். கண்டியிலிருந்து றம்பொடை வழியாக நுவரெலியாவுக்கு ஏறும் பழைய கார் சீராக வலிமை குன்றுவது வேறு. அவ்வுயரத்தில் காற்றழுத்தம் கடல் மட்டத்திலுள்ளதில் ஏறத்தாழ ஐந்தில் நான்கு பங்கே, அக்குறைவு இயற்கையானது. வலிமை சீராகக் குன்றினால் உயரம். வெட்டி வெட்டி இழுத்தால் பொறிக்குறை என்று பிரித்தறிதல் வேண்டும்.

இரண்டாவது, இருட்டில் பொனற்றைத் திறந்து, எஞ்சின் ஓடும்போது சற்று விலகி நின்று நோக்குக. மின்சாரம் வழிதவறுமாயின் நீலப் பொறிகள் வயரின்மேல் மின்னக்கூடும். அவ்வேளை வயரைக் கையாற் பற்றுதல் ஆபத்தானது.

மூன்றாவது, எஞ்சினை நிறுத்தி, ஆறிய பின்னர்க் கொயிலை அல்லது வயரைக் கழற்றிக் குழியைச் சோதிக்க வேண்டும். நிறமற்ற நீராயின் வெளியிலிருந்து வந்தது. எண்ணெயாயின் மேல்மூடியின் காஸ்கெட்டோ குழியைச் சுற்றியுள்ள ரப்பர் வளையமோ தளர்ந்துள்ளது. பச்சையோ சிவப்போ நிறங்கொண்டு இனிப்பு மணம் வீசினால் அது ரேடியேட்டர்க் குளிர்நீர். அதன் அளவும் குறைந்துவருமாயின், வெள்ளைப்புகையும் எழுமாயின், ஹெட் காஸ்கெட்டைச் சோதிப்பது அவசியம். ஆயினும் குளிர்ந்த இடங்களில் குறுந்தூரமே ஓடும் வண்டிகளில், எண்ணெய் மூடியின் அடியில் பால்போன்ற படலம் உறைநீராலும் உண்டாகும். குளிர்நீர் குறையாதிருக்க, இதனை மட்டும் கண்டு எஞ்சினைப் பிரித்துப் பெருஞ்செலவு செய்தல் வேண்டா.

நான்காவது, பிளக்கையே வாசிக்க வேண்டும். பீங்கானின்மேல் பென்சிற் கோடுபோன்ற கருங்கோடு காணப்பட்டால் மின்சாரம் அவ்வழியே ஓடியுள்ளது. துடைத்தாலும் அது மீண்டும் வழிதேடும். பிளக்கையும் அதன் ரப்பர் உறையையும் மாற்றுவதே முறை. ஆனால் உலோகத்துக்குச் சற்று மேலே பீங்கானைச் சுற்றித் தோன்றும் மங்கிய பழுப்பு வளையம் தீமையற்றது. உயர் அழுத்த மின்புலம் எண்ணெய்த் துகள்களை ஈர்ப்பதால் ஏற்படும் கறை அது. அதனை வாயுக்கசிவு என மயங்கி நல்ல பிளக்கை எறிவோர் பலர்.

எந்தச் சிலிண்டர் பிழை என்பதில் ஐயமிருந்தால், தனித்தனிக் கொயில் உள்ள எஞ்சினில் இரண்டினை இடம் மாற்றிப் பார்க்கலாம். கோளாறு கொயிலோடு செல்லுமாயின் குற்றம் கொயிலில் அல்லது அதன் உறையில்; பழைய இடத்திலேயே நிற்குமாயின் பிளக்கையும் அச்சிலிண்டரையும் ஆராய வேண்டும். எஞ்சின் எச்சரிக்கை விளக்கு விட்டுவிட்டு எரியும்போது வண்டியைத் தொடர்ந்து ஓட்டலாகாது. எரியாத பெற்றோல் புகைக்குழாயிலுள்ள கற்றலிற்றிக் கருவியைப் பொசுக்கிவிடும்.

பரிகாரத்திலும் பொறுமை வேண்டும். பிளக்கைத் திருகுமுன் குழியிலுள்ள நீரையும் அழுக்கையும் காற்றால் ஊதி அகற்றுக. இன்றேல் அவை சிலிண்டருள் விழும். சூடான அலுமினிய ஹெட்டில் பிளக்கைக் கழற்றினால் புரி அறுந்துபோகலாம். இறுகிய பிளக்கிற்குத் துருவிளக்கும் எண்ணெயிட்டு, சில மணிநேரம் விட்டு, முன்னும் பின்னுமாகச் சிறிது சிறிதாக அசைத்து எடுத்தல் வேண்டும். புதிய பிளக்கின் புரியில் கிரீஸ் பூசுதலை உற்பத்தியாளர் பலர் விலக்குகின்றனர். வழுக்கலால் அளவுக்கு மீறி இறுகிவிடும் என்பது காரணம். மின்கடத்தாச் சிலிக்கன் கிரீஸை ரப்பர் உறையின் உள்விளிம்பில் மெல்லியதாகத் தடவினால் ஈரம் உட்புகாது. வெள்ளத்தில் மூழ்கிய வண்டியையோ எவ்வாற்றானும் ஸ்ராட் செய்யலாகாது. நீர் அழுங்காப் பொருளாகையால், சிலிண்டருள் அது நிறைந்திருப்பின் எஞ்சினின் தண்டுகளே வளைந்துவிடும்.

ரப்பர் உறையும் காஸ்கெட் வளையமும் சிறு பொருள்கள். கொயிலும் எஞ்சின் வேலையும் பெருஞ்செலவு. நாட்கூலியை நம்பி வண்டியோட்டும் ஒருவருக்கு, காரணம் அறியாது ஒவ்வொன்றாக மாற்றிப் பார்ப்பது பல நாள் வருமானத்தை விழுங்கும் செயல். பருவமழைக்கு முன்னரே குழிகளைத் திறந்து பார்த்து, உறைகளைச் சோதித்து, வடிகாலிலுள்ள இலைகளை அகற்றி வைத்தல் அரைநாள் வேலையேயாம். அந்த அரைநாள், மழையிரவில் வைத்தியசாலை நோக்கிச் செல்லும் ஒரு வண்டி வழியில் நில்லாதிருக்க உதவும்.