தேங்காத நீர், தேங்கும் தொட்டி

கோடை வந்தால் நியூயார்க் நகரத்தின் தெருமுனைகளில் தீயணைப்புக் குழாயைத் திறந்துவிட்டுப் பிள்ளைகள் ஆட்டம் போடுவது பழைய வழக்கம். முழுதாகத் திறந்த குழாய் ஒன்று நிமிடத்துக்கு 1,000 கேலன், அதாவது ஏறத்தாழ 3,800 லிட்டர் நீரைக் கொட்டிவிடும். அந்த வேகம் சின்னப் பிள்ளையைச் சாலை நடுவே தள்ளிவிடக்கூடியது. அந்த நேரத்தில் அருகில் ஒரு வீடு தீப்பற்றினால் தீயணைப்பு வண்டிக்கு வேண்டிய அழுத்தமும் கிடைக்காது. நகர நிர்வாகம் இதற்கு எளிய வழி ஒன்று வைத்திருக்கிறது. வயது பதினெட்டு நிரம்பிய யாரும் தீயணைப்பு நிலையத்தில் கேட்டால், குழாயின் வாயில் துளைகள் போட்ட மூடி ஒன்றை இலவசமாக மாட்டித் தருவார்கள். மூடி போட்ட குழாய் நிமிடத்துக்கு 25 கேலன், சுமார் 95 லிட்டர்தான் பீய்ச்சும். நனைந்து குதிக்க அது தாராளம்.

அந்த மூடியின் வேலையைப் பூங்காவின் தரைக்குள் புதைத்துவைத்ததுதான் ஸ்பிளாஷ் பேட் என்ற நீர்த்தெளிப்புத் திடல். அமெரிக்காவிலும் கனடாவிலும் சில ஆயிரம் பேரே வாழும் ஊர்களில்கூட ஊஞ்சலுக்கும் சறுக்கு மரத்துக்கும் பக்கத்தில் இதைப் பார்க்கலாம். மான்ட்ரியலில் 1995-இல் தொடங்கிய வோர்டெக்ஸ் போன்ற நிறுவனங்கள் இதற்கான கருவிகளைச் செய்து உலகெங்கும் விற்கின்றன.

சிற்றூர்கள் இதை விரும்ப முக்கியக் காரணம்: ஆழம் கிடையாது. முன்பு பூங்காக்களில் முழங்கால் அளவு நீருள்ள குட்டிக் குளங்கள் இருந்தன. ஆனால் தவழும் குழந்தை மூழ்கச் சில சென்டிமீட்டர் நீரே போதும். அதனால் அங்கே யாராவது கண்கொட்டாமல் காவல் இருக்க வேண்டும். ஸ்பிளாஷ் பேடில் விழுந்த நீர் நிற்பதே இல்லை, உடனே வடிந்துவிடுகிறது. படியோ விளிம்போ இல்லாததால் சக்கர நாற்காலியில் வரும் பிள்ளையும் மற்றவர்களோடு நேராக நடுவுக்கே போகலாம். நீச்சல் தெரிந்த பிள்ளை, தெரியாத பிள்ளை என்ற பிரிவும் இங்கே இல்லை. இதன் மிகப் பெரிய நன்மை என்று நான் கருதுவது இதைத்தான்.

தரை வெறும் கான்கிரீட் போலத் தெரியும். வழுக்காமல் இருக்க அதன் மேற்பரப்பைச் சொரசொரப்பாக விடுகிறார்கள், அல்லது ரப்பர் பதிக்கிறார்கள். கண்ணுக்குத் தெரியாத அளவு சரிவு நீரை வடிகாலுக்கு இழுத்துச் செல்லும். நீரைப் பீய்ச்சும் நாசில்கள் தரையோடு தரையாக அமர்ந்திருக்கும். அவற்றின் துளைகள் குழந்தையின் விரல் சிக்காத அளவு சிறியவை.

ஓரத்தில் ஒரு தூண் நிற்கும். பிள்ளை அதன் மேல் கை வைத்தால் உள்ளே இருக்கும் உணரி கட்டுப்பாட்டுப் பெட்டிக்குச் செய்தி அனுப்பும். பெட்டியிலிருந்து மின்சாரம் போய் சொலினாய்டு வால்வுகள் ஒவ்வொன்றாகத் திறக்கும். ஒவ்வொரு நாசிலுக்கும் தனி வால்வும் தனிக் குழாயும் இருப்பதால், முதலில் இந்த மூலை, பிறகு அந்த வளையம், கடைசியில் எல்லாம் சேர்ந்து என்று வரிசை மாற்றி மாற்றிப் பீய்ச்ச முடியும். அடுத்து எங்கே கிளம்பும் என்று தெரியாததுதான் ஓடி விளையாடும் பிள்ளைக்குச் சுவை. குறித்த நேரம் முடிந்ததும் எல்லாம் அடங்கும். மறுபடி யாராவது தூணைத் தொட்டால்தான் நீர் வரும். ஆளில்லாத நேரத்தில் ஒரு சொட்டும் வீணாகாது.

ஸ்பிளாஷ் பேடில் எனக்கு மிகவும் பிடித்தது உயரத்தில் தொங்கும் வாளி. அதற்கு மோட்டாரும் இல்லை, உணரியும் இல்லை. வாளி ஓர் அச்சில் மாட்டப்பட்டிருக்கும். காலியாக இருக்கும்போது அதன் ஈர்ப்பு மையம் அச்சுக்குக் கீழே இருப்பதால் நிமிர்ந்து நிற்கும். நீர் ஏற ஏற ஈர்ப்பு மையமும் மேலேறி, அச்சைத் தாண்டி முன்பக்கம் சாயும். அந்தக் கணத்தில் வாளி குப்புறக் கவிழ்ந்து மொத்த நீரையும் கொட்டிவிட்டுத் தானே பழைய நிலைக்குத் திரும்பும். வானிலை நிலையங்களின் தானியங்கி மழைமானிக்குள் இருக்கும் சின்னக் கிண்ணங்களும் நீரின் எடையால்தான் இப்படிக் கவிழ்கின்றன. அங்கே ஒவ்வொரு கவிழ்ப்பும் ஒரு கணக்கு, இங்கே ஒவ்வொரு கவிழ்ப்புக்கும் ஒரு கூச்சல்.

வடிந்த நீர் எங்கே போகிறது என்பதுதான் பெற்றோர் அதிகம் கேட்க வேண்டிய கேள்வி. வழி இரண்டு. முதல் வகையில் ஊரின் குடிநீர்க் குழாயிலிருந்து வரும் நீர் ஒருமுறை தெறித்ததோடு சாக்கடைக்கோ, செடிகளுக்குப் பாய்ச்சவோ போய்விடும். அழுக்கு நீர் ஊர்க் குழாய்க்குள் திரும்பி ஏறாதபடி தடுப்பு வால்வு ஒன்று இருந்தால் போதும், மற்றபடி சிக்கல் குறைவு. ஆனால் நீர்ச் செலவு அதிகம்.

இரண்டாவது வகையில் நீர் நிலத்தடித் தொட்டிக்கு, நம் வீடுகளில் சம்ப் என்போமே, அதற்குத் திரும்புகிறது. இலை தழைகளைச் சல்லடை பிடித்துக்கொள்ளும். பம்ப் நீரை மணல் வடிகட்டி வழியே தள்ளும், குளோரின் சேரும், பிறகு அதே நீர் நாசிலுக்கு ஏறும். விளையாட்டு இல்லாத வேளையில் பெய்யும் மழைநீரைத் தொட்டிக்குள் விடாமல் வேறு வடிகாலுக்குத் திருப்பிவிடவும் ஒரு வால்வு உண்டு. சுருக்கமாகச் சொன்னால், பிள்ளைகளின் காலடியில் ஒரு சிறிய நீர் சுத்திகரிப்பு நிலையம் ஓடிக்கொண்டிருக்கிறது. நீச்சல் குளத்தைவிட அதற்கு வேலை கடினம். நீர் நுண்துளிகளாகச் சிதறும்போது குளோரின் விரைவாகக் குறையும். பக்கத்து மணல் திடலிலிருந்து ஓடிவரும் பிள்ளைகளின் காலோடு மண்ணும் வந்து மேலும் கொஞ்சம் குளோரினைத் தின்றுவிடும். டயப்பர் கட்டிய குழந்தைகள் பீய்ச்சும் நாசிலின் மேலேயே உட்காருவார்கள். அங்கே கழுவுண்டதெல்லாம் சேருமிடம் தொட்டிதான்.

நியூயார்க் மாநிலத்தின் செனிகா ஏரிக்கரையில் இருக்கும் ஜெனீவா சிறிய ஊர். அங்குள்ள மாநிலப் பூங்காவின் நீர்த்தெளிப்புத் திடலில் 2005 கோடையில் விளையாடியவர்களுக்கு வயிற்றுப்போக்கு தொடங்கியது. நோயுற்றோர் எண்ணிக்கை 3,000-ஐத் தாண்டியது. காரணம் கிரிப்டோஸ்போரிடியம் என்ற ஒட்டுண்ணி. திடலுக்கு நீர் தந்த தொட்டிகளிலேயே அது இருந்தது. கெட்டியான ஓட்டுக்குள் அடங்கிய அதன் முட்டை போன்ற வடிவம், முறையாகக் குளோரின் கலந்த நீரிலும் ஏழு நாளுக்கு மேல் உயிரோடு இருக்கும். அளவு சுமார் 5 மைக்ரான் என்பதால் மணல் வடிகட்டியில் நழுவிவிடும். பத்து முட்டை வயிற்றுக்குள் போனாலே நோய் வரலாம். குளோரினுக்கு அடங்காத இதைப் புற ஊதா ஒளி அடக்குகிறது. ஒளி அதன் டி.என்.ஏ.வைச் சிதைப்பதால் உடலுக்குள் போனாலும் அதனால் பெருக முடியாது. ஜெனீவாவுக்குப் பிறகு நீரைச் சுழற்றிப் பயன்படுத்தும் திடல்களுக்கு நியூயார்க் மாநிலம் புற ஊதாக் கருவியைக் கட்டாயமாக்கியது.

எல்லா இடத்திலும் அப்படி நடக்கவில்லை. தேங்கிய நீர் இல்லை என்பதாலேயே பல பகுதிகளில் ஸ்பிளாஷ் பேட் நீச்சல் குளச் சட்டத்துக்குள் வராமல் போனது. மேலே நீர் நிற்காததைப் பார்த்த சட்டம், கீழே நிற்கும் தொட்டியைப் பார்க்கவில்லை. இதை எண்ணும்போது எனக்கு உண்மையாகவே வருத்தம் வருகிறது. 1997 முதல் 2022 வரை அமெரிக்காவில் ஸ்பிளாஷ் பேடுகளோடு தொடர்புடைய 60 நோய்ப்பரவல்களில் 10,611 பேர் நோயுற்றதாக அந்நாட்டு நோய்த் தடுப்பு மையமான சி.டி.சி. பதிந்திருக்கிறது. பத்தில் ஒன்பது பேருக்கு வந்தது கிரிப்டோஸ்போரிடியம். கான்சஸ் மாநிலத்தின் கோடார்ட் என்ற சிற்றூரின் ஸ்பிளாஷ் பேடில் 2021-இல் ஷிகெல்லா பாக்டீரியாவும் நோரோவைரஸும் பரவின. அங்கே தொட்டி நீர் இரவு முழுவதும் வடிகட்டப்படாமல், குளோரின் சேராமல் கிடந்ததாகவும், குளோரினைத் தானாகச் சரிசெய்யும் கருவியே இல்லை என்றும் விசாரணையில் தெரிந்தது.

பயந்து பிள்ளைகளை வீட்டில் அடைக்க வேண்டியதில்லை. வயிற்றுப்போக்கு இருக்கும் பிள்ளையை அழைத்துப் போகக் கூடாது. கிரிப்டோஸ்போரிடியம் வந்திருந்தால், வயிற்றுப்போக்கு நின்ற பிறகும் இரண்டு வாரம் பொறுக்க வேண்டும். நீரை விழுங்காதே, நாசில் மேல் உட்காராதே என்று சொல்லிக்கொடுக்கலாம். மணிக்கொரு முறை வெளியே அழைத்து டயப்பரைப் பார்த்து, நீரிலிருந்து தள்ளிவந்து மாற்றலாம். ஊராட்சிகளுக்கு ஒன்று சொல்வேன்: தொட்டியைத் தினமும் கவனிக்கப் பயிற்சி பெற்ற ஆள் இல்லையென்றால், முதல் வகையை அமைத்து, வடியும் நீரைத் தோட்டத்துக்கு விடுவதே நல்லது.

பெற்றோர் தாமே நீரைச் சோதிக்க, நீச்சல் குளப் பொருள்கள் விற்கும் கடைகளில் சோதனைக் காகிதம் கிடைக்கும். அதை நீரில் நனைத்தால் குளோரின் குறைந்தது 1 பி.பி.எம். இருக்கிறதா, பி.எச். 7.0-க்கும் 7.8-க்கும் இடையில் நிற்கிறதா என்று நிறம் காட்டிவிடும். கிரிப்டோஸ்போரிடியத்தைப் பற்றி மட்டும் அந்தக் காகிதத்துக்கு எதுவும் தெரியாது. அதற்கு, நீர் தொட்டிக்குத் திரும்புகிறதா, திரும்பினால் புற ஊதா விளக்கு எரிகிறதா என்று பூங்கா அலுவலகத்தில்தான் கேட்க வேண்டும்.