நொதி உயர்ந்தால் மண் பிழைத்ததா?

ஆடிப்பட்டம் நெருங்கி, மக்காச்சோள விதையும் மருந்தும் வாங்கிவைக்கச் சில நாட்களே எஞ்சியிருக்கும் இவ்வேளையில், சின்னசேலம் வட்டாரத்திலிருந்து வந்த கடிதங்கள் பலவற்றில் ஒரே குழப்பம் தென்படுகிறது: 2018இல் படைப்புழு நுழைந்தது முதல் விடாமல் அடித்துவரும் மருந்துகள் மண்ணின் நுண்ணுயிர்களை மாய்த்துவிட்டனவா, அன்றி 'சிபாரிசு செய்த அளவில் பாதகமில்லை' என்ற உறுதிமொழியை நம்பலாமா?

அவ்வுறுதிமொழிக்கு ஆதாரமாகும் சர்வதேசப் பரிசோதனைமுறையில், மருந்து கலந்த மண்ணில் நைட்ரேட் உண்டாகும் வேகம், கலவாத மண்ணினின்றும் 28 நாட்களுக்குப் பின் 25 சதவீதத்துக்கு உட்பட்டே வேறுபடுமானால், நீடித்த தீங்கில்லை என்று தீர்ப்பளிக்கிறார்கள். எந்த இனம் மடிந்தது, எது பிழைத்தது என்ற விசாரணை அதில் இல்லை.

என்னைக் கலங்கவைப்பது, மண்ணின் உயிர்ப்பை நொதியின் அளவால் கணிக்கும் வழியும் ஏமாற்றக்கூடும் என்பதுதான். விஷம் பட்டு மடிந்த நுண்ணுயிர்களின் உடல்கள் பிழைத்தவற்றுக்கு ஆகாரமாக, அவை பல்கிப் பெருகிச் சுவாசிக்க, உயிருள்ள செல்லில் மட்டுமே இயங்கும் டிஹைட்ரோஜினேஸ் நொதியின் அளவுகூட, அழிவு நேர்ந்த சில நாட்களில், முன்னைவிட உயர்ந்து காணக்கூடும். பாஸ்படேஸ் என்ற நொதியோ, அதைச் சுரந்த உயிர் மறைந்த பின்னும் களிமண் துகளில் ஒட்டிக்கொண்டு வேலைசெய்யும். ஆகவே ஒருநாள் எடுத்த ஓர் எண்ணை வைத்து மண்ணின் க்ஷேமத்தைச் சொல்வது நியாயமன்று.

மருந்தையே உண்ணும் ஜீவன்களும் உண்டு. பிலிப்பைன்ஸிலுள்ள சர்வதேச நெல் ஆராய்ச்சி நிலையத்தில், டயாசினான் என்ற பூச்சிமருந்து இட்ட நெல்வயலிலிருந்து ஆய்வாளர்கள் சேதுநாதனும் யோஷிடாவும் பிரித்தெடுத்து 1973இல் அறிவித்த பாக்டீரியம், அம்மருந்தோடு பாரத்தியான் என்ற மற்றொரு பூச்சிமருந்தையும் சிதைத்தது. விஷம் நீங்குவது நன்மையே. ஆயினும் ஒரே மருந்தை ஆண்டுதோறும் இடும் நிலத்தில் அதைத் தின்னும் கூட்டமே ஓங்கி, மருந்து விரைவில் பலனிழக்கிறது. அமெரிக்க மக்காச்சோள வயல்களில் கார்போஃபியூரான் குருணைக்கு நேர்ந்த கதி அதுவே. பலனில்லையென்று அளவைக் கூட்டும் உழவர், தம் செலவையும் மண்ணின் சுமையையும் ஒருங்கே கூட்டிக்கொள்கிறார்.

மற்றக் கேள்விகள்:

செம்பு கலந்த பூஞ்சைக்கொல்லி? செம்பு சிதையாது, மண்ணிலேயே சேரும்.

விதைநேர்த்தியில் அசோஸ்பைரில்லம்? மருந்து முதலில்; நுண்ணுயிர் உரம் கடைசியில், விதைப்புக்குச் சற்று முன்.

தொழுவுரம் உதவுமா? பெரும்பாலும் உதவும், நுண்ணுயிர்கள் விரைந்து மீள்கின்றன.

மண்வள அட்டையில் இவையெல்லாம் தெரியுமா? தெரியா, அதன் 12 அளவைகளில் நொதி ஒன்றேனும் இல்லை.