பைரி வரும் மாதங்கள்
மேற்குச் சென்னையின் சிறகுகள் – 11

ஐப்பசி பிறந்துவிட்டால் அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி வட்டாரத்தில் புறா வளர்ப்பவர்கள் வானத்தைப் பார்க்கும் பார்வையே மாறிவிடும். மழை மேகத்துக்கும் மேலே, கண் எட்டும் எல்லையில், ஒரு கரும்புள்ளியைத் தேடுவார்கள். யாராவது ஒருவர் கண்ணில் பட்டுவிட்டால் போதும், "பைரி!" என்ற குரல் மாடிக்கு மாடி தாவும். கூண்டுக் கதவுகள் திறக்கும். தீவன டப்பாக்கள் குலுங்கும். பறந்துகொண்டிருக்கும் புறாக்களை எப்படியாவது கீழே இறக்கிவிட வேண்டும் என்ற பதற்றம் தெரு முழுக்கப் பரவும்.

சென்ற வாரம் செம்பரம்பாக்கம் ஏரிக்கு வரும் நீர்ப்பறவைகளைப் பார்த்தோம். அவற்றின் பின்னாலேயே வரும் வேட்டைக்காரப் பறவையை இந்த வாரம் பார்ப்போம். புறாக்காரர்களுக்கும் இந்தப் பறவைக்கும் இடையில் நெடுங்காலமாக ஒரு வழக்கு நடந்துகொண்டிருக்கிறது. அதில் பறவையின் பக்கத்தையும் யாராவது எடுத்துச் சொல்ல வேண்டும்.

புறாக்காரர்கள் பைரி என்று சொல்வதைப் பறவை நூல்கள் பொரி வல்லூறு என்று குறிப்பிடுகின்றன. உலகின் மிக வேகமான பறவை இதுதான். உயரத்திலிருந்து சிறகை மடக்கிப் பாயும்போது மணிக்கு 300 கிலோமீட்டரைத் தாண்டும். இதில் இரண்டு வகை நம் பக்கம் உண்டு. ஒன்று, வடக்கே குளிர்ப் பிரதேசங்களில் குஞ்சு பொரித்துவிட்டு ஐப்பசி வாக்கில் இங்கே வந்து பங்குனி, சித்திரையில் திரும்பிப் போவது. மற்றொன்று ஷாஹீன் எனப்படும் உள்நாட்டு வகை. செங்குத்தான மலைப் பாறைகளில் கூடு கட்டி ஆண்டு முழுக்க இங்கேயே வாழ்வது. இரண்டிலும் பெண்தான் பெரியது. ஒரு கிலோ எடையை எட்டும் பெண் பைரிக்கு 400 கிராம் புறா ஒரு பொருட்டே இல்லை.

இன்னொரு பறவையையும் இதோடு சேர்த்துக் குழப்பிக்கொள்கிறார்கள். வைரி என்ற சிறு பருந்தினம் அது. கொய்யா மரத்திலும் மாடிக் கைப்பிடிச் சுவரிலும் பதுங்கியிருந்து, ஓணான், அணில், மைனா, சிட்டு என்று பிடித்துத் தின்னும். பைரியைப் போல வானத்திலிருந்து பாயாது; ஒளிந்திருந்து குறுகிய தூரம் துரத்தும். வளர்ந்த பந்தயப் புறாவைத் தூக்கிக்கொண்டு போகும் எடை அதற்குக் கிடையாது. கூண்டுக்கு வெளியே தட்டுத்தடுமாறும் இளங்குஞ்சும், நோயில் சோர்ந்து உட்கார்ந்திருக்கும் புறாவும்தான் அதன் இலக்கு. ஊருக்குள் வட்டமடிக்கும் கள்ளப்பருந்துக்கும் ஏரி மேல் பறக்கும் செம்பருந்துக்கும் நல்ல நிலையில் பறக்கும் புறாவை எட்டிப் பிடிக்கும் வேகமே இல்லை. ஆனால் புறா ஒன்று காணாமல் போனால் இவை எல்லாவற்றின் மீதும் பழி விழுகிறது.

பைரிக்கு நம் மேற்குப் புறநகர் பிடித்துப் போனதற்குக் காரணம் உண்டு. கொரட்டூர், அம்பத்தூர், பருத்திப்பட்டு, செம்பரம்பாக்கம் என்று ஏரிகள் வரிசையாக இருக்கின்றன. திருவள்ளூர் மாவட்டத்தில் சொர்ணவாரி, சம்பா, நவரை என்று மூன்று போகம் நெல் உண்டு. தை மாதம் சம்பா அறுவடை முடிந்ததும் திருமழிசைக்கு அப்பால் எஞ்சியிருக்கும் வயல்களில் சிந்திய நெல்லுக்கு மாடப்புறாவும் மணிப்புறாவும் கூட்டமாக இறங்கும். வலசை வந்த பைரி இங்கே இருக்கும் காலமும் அதுதான். உட்கார்ந்து நோட்டம் விட முன்பு பனைமரம் இருந்தது. இப்போது உயர்மின் கோபுரங்கள், செல்பேசிக் கோபுரங்கள், தொழிற்பேட்டைப் புகைபோக்கிகள், இருபது மாடிக் குடியிருப்புகள். குன்றின் உச்சியில் உட்காரும் பறவைக்கு நாமே நூற்றுக்கணக்கில் குன்றுகளைக் கட்டிக் கொடுத்திருக்கிறோம்.

வயலில் பைரி செய்வதைக் கவனித்துப் பார்த்தவர்களுக்கு ஒரு விஷயம் தெரியும். அது பிடிப்பதைவிட விரட்டுவதே அதிகம். ஒரு தடவை தலைக்கு மேல் கடந்து போனால் போதும், மேய்ந்துகொண்டிருக்கும் புறாக்கூட்டம் மொத்தமும் எழும்பிச் சிதறும். பெரும்பாலான பாய்ச்சல்கள் வீணாகத்தான் போகின்றன. இரை கடைசி நொடியில் விலகிவிட்டால், அந்த வேகத்தில் பைரியால் உடனே திரும்ப முடியாது. பிரிட்டனில் பயிரைத் தின்னும் காட்டுப் புறாக்களைச் சுட வயலோரம் துப்பாக்கியோடு காத்திருப்பவர்கள் உண்டு. வேட்டைப் பறவை ஒன்று சுற்றினால் புறா இறங்காது, அன்றைய பொழுது போச்சு என்பது அவர்கள் புகார். அவர்களுக்கு நஷ்டமாகத் தெரிவது நம் விவசாயிக்கு லாபம். தகர டப்பா தட்டி, பளபளக்கும் நாடா கட்டி அவர் செய்ய நினைக்கும் வேலையை இந்தப் பறவை கூலி கேட்காமல் செய்கிறது. நம் நாட்டில் 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டமும், அதற்கு 1991-இல் வந்த திருத்தமும் பொழுதுபோக்கு வேட்டைக்கு முற்றுப்புள்ளி வைத்துவிட்டன. துப்பாக்கி போன வயலில் எஞ்சியிருக்கும் காவல் வல்லூறும் பருந்தும்தான்.

புறா வளர்ப்பவரின் கணக்கு வேறு. அவர் வேதனையைக் குறைத்துச் சொல்ல எனக்கு மனம் வராது. சென்னையில் புறா வளர்ப்பு பணக்காரர் பொழுதுபோக்கு அல்ல. மெக்கானிக், ஆட்டோ ஓட்டுநர், பட்டறைத் தொழிலாளி என்று அன்றாடம் உழைப்பவர்கள் கம்பு, சோளம், பட்டாணி வாங்கிப் போட்டு வளர்க்கிறார்கள். 2015-இல் வந்த 'மாரி' படத்தில் சென்னையின் புறாப் பந்தயத்தைத் தமிழகமே பார்த்தது. நாகர்கோவில் பந்தய உலகைக் காட்டிய 2024-ஆம் ஆண்டுப் படத்துக்கு 'பைரி' என்றே பெயர் வைத்தார்கள். புறாக்காரர் மனதில் இந்தப் பறவை எவ்வளவு பெரிய இடத்தைப் பிடித்திருக்கிறது என்பதற்கு அதுவே சான்று.

தொலைதூரப் பந்தயத்துக்கு ஹோமர் புறாக்களை வடக்கே கொண்டுபோய் விடுகிறார்கள். நெல்லூர், ஓங்கோல், விஜயவாடா என்று தொடங்கி நாக்பூர், போபால் வரை தூரம் கூடிக்கொண்டே போகும். நாக்பூரிலிருந்து ஆகாய வழியில் சுமார் 900 கிலோமீட்டர். பிறந்த சில நாளில் காலில் போட்ட வளையத்தோடு, சூரியனையும் பூமியின் காந்தப் புலத்தையும் துணையாகக் கொண்டு அந்தப் புறா தன் கூண்டைத் தேடி வருகிறது. வடகிழக்குப் பருவமழை ஓய்ந்து கத்திரி வெயில் தொடங்குவதற்குள் பந்தயங்களை முடித்தாக வேண்டும். பைரி இங்கே தங்கியிருக்கும் காலமும் அதுவே. வழியில் கிழக்குத் தொடர்ச்சி மலைப் பாறைகள், பழவேற்காட்டு ஏரி, புறநகர்க் கோபுரங்கள் என்று எல்லா இடத்திலும் ஆபத்து காத்திருக்கிறது. கூட்டத்தில் பைரி பாய்ந்தால் ஒரு புறா சாகிறது. ஆனால் மீதிப் புறாக்கள் சிதறித் திசை மாறி, தனித்தனியாகிக் களைத்துப் போகின்றன. சில புறாக்கள் மார்புப்பை கிழிந்து, குடித்த தண்ணீர் ஒழுக ஒழுக வீடு வந்து சேரும். ஊசி நூல் கொண்டு அதைத் தைத்துப் பிழைக்க வைக்கும் கைகள் நம் புறநகரில் நிறைய உண்டு.

அந்தக் கைகளில் சில, உண்டிவில்லையும் ஏர்கன்னையும் எடுக்கும்போதுதான் சிக்கல் தொடங்குகிறது. பைரி, சட்டத்தின் முதல் அட்டவணையில் உள்ள பறவை. அதைக் கொன்றால் 3 ஆண்டுக்குக் குறையாமல் 7 ஆண்டு வரை சிறை. ஆனால் தண்டனையைச் சொல்லிப் பயமுறுத்துவதைவிட, உலகம் ஏற்கெனவே ஒரு முறை செய்து பார்த்த தவறைச் சொல்வது நல்லது.

இரண்டாம் உலகப் போரில் பிரிட்டனின் குண்டுவீச்சு விமானங்கள் செய்திப் புறாக்களைச் சுமந்து சென்றன. 1942 பிப்ரவரியில் வட கடலில் விழுந்த ஒரு விமானத்தின் வீரர்கள் நால்வரும், கூடு திரும்பிய ஒரு பெண் புறாவால் பிழைத்தார்கள். அப்படிப்பட்ட புறாக்களைப் பைரி பிடித்துவிடக் கூடாது என்று 1940-இலேயே அரசு ஆணை பிறப்பித்து, போர் முடிவதற்குள் சுமார் 600 பைரிகளைக் கொன்றது. கூடுகளையும் முட்டைகளையும் அழித்தார்கள்.

போர் முடிந்தது. பாதுகாப்பு திரும்பியது. 1960 வாக்கில் பிரிட்டனின் பந்தயப் புறாக்காரர்கள் அரசிடம் மனு கொடுத்தார்கள்: பைரிகள் பெருகிவிட்டன, புறாக்களைக் காப்பாற்ற முடியவில்லை, பாதுகாப்பை நீக்குங்கள் என்று. அரசு எண்ணிப் பார்க்கச் சொன்னது. டெரெக் ராட்கிளிஃப் என்ற இயற்கை ஆய்வாளர் தலைமையில் 1961, 1962 ஆண்டுகளில் பாறை பாறையாக ஏறிக் கணக்கெடுத்தார்கள். கண்டது நேர் எதிர். பல இடங்களில் கூடுகள் காலி. இருந்த கூடுகளிலும் முட்டைகள் உடைந்து கிடந்தன. பெருகிவிட்டது என்று மனுக் கொடுக்கப்பட்ட பறவை அழிந்துகொண்டிருந்தது.

காரணம் வயலில் இருந்தது. விதை நெல்லுக்கு மருந்து கலப்பதைப் போல அங்கே கோதுமை விதைக்கு டீல்ட்ரின் முதலிய விஷங்களைப் பூசி விதைத்தார்கள். விதையைப் புறா தின்றது. புறாவைப் பைரி தின்றது. பூச்சிக்கொல்லியான டி.டி.டி. பைரியின் உடலில் சேர்ந்து முட்டை ஓட்டை மெலியச் செய்தது. அடைகாக்கும் தாயின் எடையே முட்டையை நொறுக்கியது. ராட்கிளிஃப் அருங்காட்சியகங்களில் இருந்த பழைய முட்டை ஓடுகளோடு ஒப்பிட்டு, ஓடு மெலிந்ததை 1967-இல் உலகுக்கு நிரூபித்தார். அந்த விஷங்கள் விலக்கப்பட்ட பிறகே பைரி மீண்டது. இந்தியாவில் விவசாயத்துக்கு டி.டி.டி. பயன்படுத்துவது 1989-இல் நிறுத்தப்பட்டது. புறாக்காரர்கள் கொடுத்த புகார்தான் பைரியைக் காப்பாற்றிய ஆய்வுக்கு வழி திறந்தது. கண்ணால் பார்த்த ஒரு பாய்ச்சலை வைத்து ஒரு பறவையின் மீது தீர்ப்பு எழுதக் கூடாது என்பதற்கு இதைவிடப் பெரிய பாடம் வேண்டியதில்லை.

காணாமல் போகும் புறாக்கள் எங்கே போகின்றன என்று பிரிட்டனில் பிறகும் ஆராய்ந்தார்கள். வழி தவறுதலும், கம்பியிலும் கட்டடத்திலும் மோதுதலும் முன்னால் நின்றன. வேட்டைப் பறவையின் பங்கு அவற்றுக்குப் பின்னால்தான் வந்தது. நம் ஊரை நினைத்துப் பாருங்கள். உயர்மின் கம்பிகள் குறுக்கும் நெடுக்கும் ஓடும் ஆவடி வானத்தில் பறப்பது எளிதா? மாஞ்சா நூல் எத்தனை சிறகை அறுத்திருக்கிறது? தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2017-இல் நைலான் மாஞ்சாவை நாடு முழுக்கத் தடை செய்தது. சென்னைக் காவல்துறையும் தடை விதித்திருக்கிறது. ஆனாலும் விடுமுறை நாட்களில் அது வானத்தில் ஏறத்தான் செய்கிறது. வெயில் ஏறிய பிறகு விடப்பட்டுத் தண்ணீரில்லாமல் விழுந்தவை, பயிற்சி போதாமல் தூரம் அனுப்பப்பட்டவை என்று இழப்புகள் பல வழியில் வருகின்றன. கம்பியையும் நூலையும் யாரும் திட்டுவதில்லை. பைரி கண்ணுக்குத் தெரிகிறது. அதனால் பழி முழுவதும் அதன் தலையில்.

பைரியின் வேலைக்கு இன்னொரு பக்கமும் இருக்கிறது. முகப்பேர், அம்பத்தூர் அடுக்குமாடிகளில் மாடப்புறா பெருகி, பால்கனிக்கு வலை கட்டாத வீடே அரிதாகிவிட்டது. புறா எச்சத்தால் நுரையீரல் நோய் வரும் என்று மருத்துவர்கள் எச்சரிக்கிறார்கள். அந்தக் கூட்டத்திலிருந்து அன்றாடம் ஒன்றைக் குறைக்க இயற்கை அனுப்பும் ஆள் பைரிதான். கலிபோர்னியாவில் ஏழு ஆண்டு நடந்த ஓர் ஆய்வு, 2005-இல் 'நேச்சர்' இதழில் வெளியானது. முதுகின் கீழ்ப்பகுதியில் வெள்ளைத் திட்டு உள்ள புறாக்கள் பைரியிடம் மிகக் குறைவாகவே சிக்கின. வெள்ளை இறகையும் நீல இறகையும் இடம் மாற்றி ஒட்டியதும் தப்பிக்கும் வாய்ப்பும் இடம் மாறியது. புறா உருளும்போது மின்னும் அந்த வெள்ளை பைரியின் கண்ணை ஏமாற்றுகிறது. புறாவின் நிறமும் வேகமும் கூட்டமாகத் திரும்பும் நேர்த்தியும் பைரியோடு போட்டியிட்டே வளர்ந்தவை. பந்தயப் புறாவிடம் நாம் மெச்சும் வேகத்தில் அதன் எதிரிக்கும் பங்கு உண்டு.

அப்படியானால் புறாக்காரர் கையைக் கட்டிக்கொண்டு இருக்க வேண்டுமா? வேண்டாம். தினமும் ஒரே நேரத்தில் பறக்கவிட்டால் பைரி அந்த நேரத்தைக் கற்றுக்கொள்ளும். நேரத்தை மாற்றிக்கொண்டே இருங்கள். பக்கத்துக் கோபுரத்தில் பைரி குடியேறிவிட்டால் சில நாள் பறக்கவிடாதீர்கள். இளம் புறாக்களைத் தனியாக விடாமல், அனுபவப்பட்ட புறாக்களோடு கூட்டமாக விடுங்கள். தீவனம் பறந்து வந்த பிறகே என்ற பழக்கத்தை வைத்தால், இறங்கியதும் நேராகக் கூண்டுக்குள் போகும். மாடியில் சுற்றிக்கொண்டு வைரியின் கண்ணில் படாது. கூண்டின் முன்புறத்துக்கு மேலே ஒரு வலை போதும், வைரியின் தொல்லை பாதி குறையும். சீனாவில் புறாவின் வாலில் மூங்கில், சுரைக்குடுக்கை ஊதிகளைக் கட்டிப் பறக்கவிடுவது பழைய வழக்கம். அந்த ஓசைக்கு வல்லூறு அஞ்சும் என்பது அவர்கள் நம்பிக்கை. பறவையைக் கொல்லாமல் புறாவைக் காக்க மனிதர்கள் எங்கும் வழி தேடியிருக்கிறார்கள்.

பைரி நம் மாடிக்கு வருவது பல ஆயிரம் கிலோமீட்டர் கடந்து. ஹோமர் புறா நாக்பூரிலிருந்து வீடு திரும்புவதைப் பார்த்து நெஞ்சு நிமிரும் நமக்கு, வடதுருவத்து ஓரத்திலிருந்து ஒவ்வோர் ஆண்டும் வழி தவறாமல் வந்து சேரும் ஒரு பறவையின் அருமை புரியாமல் போகாது. புறா வளர்க்கும் தம்பிகளுக்கு ஒரே வேண்டுகோள்: இந்தப் பனிக்காலத்தில் பைரி தெரிந்தால் கூண்டுக் கதவைத் திறங்கள், உண்டிவில்லைக் கீழே வையுங்கள். உங்கள் மாடிக்கு மேல் மாஞ்சா நூல் ஏறினால் அதை நிறுத்துங்கள். உங்கள் புறாவின் உயிரை அது அதிகம் காப்பாற்றும்.

(தொடரும்)