ரத்தத்தின் கதை – 11: நாற்றங்கால் எங்கே?

1933-ஆம் ஆண்டு லண்டன் ‘லான்செட்’ இதழில், வெற்றிலை போடும் திருவிதாங்கூர் மக்களின் வாய்ப்புற்று பற்றி ஒரு கட்டுரை வந்தது. எழுதியவர் ஐ. எம். ஓர், அங்கிருந்த நெய்யூர் மிஷன் ஆஸ்பத்திரி டாக்டர். வெற்றிலை, பாக்கு, சுண்ணாம்போடு வாய்க்குள் போகும் புகையிலையைப் புற்றோடு சேர்த்துப் பார்த்த ஆரம்பகாலக் கட்டுரைகளில் அதுவும் ஒன்று. வீட்டுக்கு வீடு வெற்றிலைச் செல்லமும் கோளாம்பியும் இருந்த நாட்டில் அவருக்கு நோயாளிகளைத் தேடிப் போகவேண்டிய அவசியம் இருந்திருக்காது.

அதே ஆஸ்பத்திரியின் அறுவை மருத்துவர் ஹோவர்ட் சோமர்வெல். 1922-லும் 1924-லும் எவரெஸ்ட் ஏறப்போன குழுக்களில் இருந்தவர். முதல் பயணம் முடிந்து இந்தியாவைச் சுற்றிப் பார்க்கும்போது நெய்யூருக்கும் வந்தார். டாக்டருக்காகக் காத்துக்கிடந்த கூட்டத்தைப் பார்த்தபின் அவரால் இங்கிலாந்திலேயே இருந்துவிட முடியவில்லை. அவர் காலத்தில்தான் நெய்யூரில் ரேடியம் வைத்துப் புற்றுக்கு வைத்தியம் நடந்தது. ரேடியத்துக்கு ஒரு வசதி உண்டு. ஊசிக்குள் அடங்கும், லேசில் தீராது, அதன் வீரியம் பாதியாகக் குறையவே 1,600 ஆண்டு ஆகும். கப்பலில் கொண்டுவந்து இறக்கிவிட்டால் எந்த ஊரிலும் வேலை செய்யும்.

சோமர்வெல் 1940-களின் கடைசியில் நெய்யூரை விட்டு வேலூர் சி.எம்.சி.க்கு ஆசிரியராகப் போனார். இந்த வாரம் நாமும் வேலூருக்குப் போகிறோம். அங்கே இப்போது தயாராகும் மருந்து, குணத்தில் ரேடியத்துக்கு நேர் எதிரானது. அதற்கு உயிர் உண்டு, பசி உண்டு, சாவும் உண்டு. ஒருவருக்குச் செய்ததை இன்னொருவருக்குக் கொடுக்க முடியாது. நோயாளியின் சொந்த வெள்ளணுதான் அந்த மருந்து.

நோய் எதிர்ப்புப் படையில் டி செல்கள் என்னும் வெள்ளணுக்கள் நேரடியாகக் கொல்லத் தெரிந்தவை. ஆனால் எதிரி தன் உள்ளே இருக்கும் புரதத்தின் துண்டுகளை வெளியே எடுத்துக் காட்டினால்தான் அவற்றுக்கு அடையாளம் தெரியும். புற்றுச் செல்கள் பல, அதைக் காட்டாமல் ஒளித்துக்கொள்ளும். இந்தச் சிக்கலுக்கு வழி சொன்னவர்களில் ஒருவர் இஸ்ரேலின் ஜெலிக் எஷ்ஹார். ஆன்டிபாடிக்குக் கண் கூர்மை, டி செல்லுக்குக் கை பலம். இரண்டையும் ஒட்டுப்போட்டு ஒரே புரதமாக்கினால் என்ன என்று 1989-இல் அவரும் கூட்டாளிகளும் செய்து காட்டினார்கள். அந்த ஒட்டுப்புரதத்தைத்தான் ‘கார்’ என்கிறார்கள். அதைத் தாங்கிய செல் கார்–டி செல்.

புரதத்தை ஊசியாகப் போட்டால் சில நாளில் கரைந்துவிடும். செல்லே அதைச் செய்துகொண்டிருக்க வேண்டுமானால், செய்முறையை அதன் மரபணுவுக்குள் எழுதியாக வேண்டும். டி செல்லுக்குள் நுழைந்து, தன் மரபணுவை அதன் மரபணுவோடு தைத்துவிடும் கலையில் கைதேர்ந்த ஒன்று ஏற்கெனவே இருந்தது: எச்.ஐ.வி. பெருகுவதற்கும் நோய் உண்டாக்குவதற்கும் வேண்டிய பகுதிகளை அதிலிருந்து வெட்டி எறிந்துவிட்டு, நுழைந்து தைக்கும் திறமையை மட்டும் வைத்துக்கொண்டார்கள். காலியான இடத்தில் ‘கார்’ செய்முறையை ஏற்றினார்கள். லென்டிவைரஸ் வாகனம் என்பது இதுதான்.

1986-இல் சென்னையில் சுனிதி சாலமனும் அவருடைய மாணவி நிர்மலாவும் சேகரித்த ரத்த மாதிரிகளில் எச்.ஐ.வி. இருப்பது முதலில் தெரியவந்தது வேலூர் சி.எம்.சி. ஆய்வகத்தில்தான். இந்தியாவில் அந்தக் கிருமி பிடிபட்டது அப்போதுதான். அதன் பல்லைப் பிடுங்கி வேலைக்கு வைத்திருப்பதும் இன்று அதே ஊர்.

நாஞ்சில் நாட்டுக்காரர்களுக்கு மீதி முறையைச் சொல்வது எளிது. இது நாற்று நடும் வேலை. நோயாளியின் ரத்தத்தை ஒரு இயந்திரத்தின் வழியே ஓடவிட்டு வெள்ளணுக்களை மட்டும் பிரித்து எடுப்பார்கள், அது விதை. ஆய்வகத்தில் டி செல்களைத் தூண்டி, வைரஸ் வாகனத்தைச் சேர்த்து, கோடிக்கணக்கில் பெருக்குவார்கள், அது நாற்றங்கால். இதற்கிடையில் நோயாளிக்கு மூன்று நாள்போலக் கீமோ கொடுத்து, உடம்பில் இருக்கும் பழைய வெள்ளணுக்களைக் குறைப்பார்கள். அது வயலை உழுது களை எடுப்பது. பிறகு நடவு. பையில் இருந்து செல்கள் உள்ளே இறங்க ஒரு மணி நேரம்கூட ஆகாது. கன்னிப்பூ சாகுபடியோ கும்பப்பூ சாகுபடியோ, நாற்றங்கால் தொலைவில் இருந்தால் என்ன பாடு என்று வயல்காரருக்குத் தெரியும். இந்தச் சிகிச்சையின் செலவுக்கும் தாமதத்துக்கும் பெரிய காரணங்களில் ஒன்று அதுதான்.

2012-இல் பிலடெல்பியாவில் எமிலி வைட்ஹெட் என்ற சிறுமிக்கு இந்தச் செல்கள் செலுத்தப்பட்டன. எந்தக் கீமோவுக்கும் அடங்காத ரத்தப்புற்று. செல்கள் வேலையைத் தொடங்கிய வேகத்தில் காய்ச்சல் கொதித்து உயிருக்கே ஆபத்து வந்தது. ரத்தத்தில் ஐ.எல்.–6 என்ற வேதிப்பொருள் எக்கச்சக்கமாக ஏறியிருப்பதைக் கண்டு, மூட்டுவாத மருந்து ஒன்றைக் கொடுத்து அடக்கியது, அந்தச் செல்களை உருவாக்கிய கார்ல் ஜூனின் குழு. எமிலி பிழைத்து வளர்ந்து பெரியவளானாள். அந்தச் சிகிச்சைக்கு 2017-இல் அமெரிக்கா அனுமதி கொடுத்தபோது விலை 4,75,000 டாலர். அன்றைய மதிப்பில் சுமார் மூன்று கோடி ரூபாய். ஆஸ்பத்திரிச் செலவு தனி.

நாற்றங்காலை இங்கேயே போட்டால் என்ன என்ற கேள்விக்கு இந்தியாவில் வந்திருக்கும் விடைகளில் இரண்டைப் பார்ப்போம். ஒன்று மும்பை. ஐ.ஐ.டி.யின் ராகுல் புர்வார் குழுவும் டாடா மெமோரியல் மருத்துவர்களும் சேர்ந்து உருவாக்கிய நெக்ஸ்கார்19-க்கு 2023 அக்டோபரில் அனுமதி கிடைத்தது. விலை மேலைநாட்டு விலையில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு. 2025-இல் வெளியான ஆய்வு முடிவில் 73 சதவீதம் பேருக்கு நோய் பின்வாங்கியிருந்தது. ஆனால் பலருக்குச் சில மாதங்களிலேயே திரும்பவும் தலைதூக்கியது.

இன்னொன்று வேலூர். மும்பையில் கம்பெனி தயாரித்து ஆஸ்பத்திரிகளுக்கு அனுப்புகிறது. வேலூரில் ஆஸ்பத்திரியே தயாரித்தது. மூடிய இயந்திரம் ஒன்றுக்குள் பிரிப்பு, வைரஸ் சேர்ப்பு, பெருக்கம் எல்லாம் நடக்க, ஒன்பது நாளில் செல்கள் தயார். ‘வெல்கார்ட்’ என்ற இந்த ஆய்வின் முடிவுகளை ஐ.சி.எம்.ஆர். 2025-இல் வெளியிட்டது. ரத்தப்புற்று வந்த ஆறு பேருக்கும் நோய் அடங்கியது; லிம்போமா என்ற நிணநீர்ப் புற்று வந்த நால்வரில் இருவருக்கு அடங்கியது. பத்துப் பேரை வைத்துப் பெரிய முடிவுக்கு வரக்கூடாது. ஆனால் நோயாளி படுத்திருக்கும் கட்டடத்துக்குப் பக்கத்திலேயே அவருக்கான மருந்தை வளர்த்து எடுக்க முடியும் என்பது நிரூபணமாகிவிட்டது. ஒரு ஆஸ்பத்திரியால் முடிந்தால் திருவனந்தபுரம் ஆர்.சி.சி. புற்றுநோய் மையத்தாலும் முடியலாம், சென்னை அடையாறு புற்றுநோய் ஆஸ்பத்திரியாலும் முடியலாம்.

இங்கே டாக்டர் ஐ. எம். ஓரின் கட்டுரையை மறக்கக்கூடாது. மேலே சொன்ன கார்–டி செல்கள் தேடிப்போவது சிடி19 என்ற அடையாளத்தை. அது பெரும்பாலும், ஆன்டிபாடி தயாரிக்க உதவும் வெள்ளணுக்களான பி செல்களின் மேல்தான் இருக்கும். அவை மொத்தமாக அழிந்தாலும், இம்யூனோகுளோபுலின் ஏற்றி மனிதரைக் காப்பாற்றலாம். வாய்ப்புற்றில் அப்படி விட்டுக்கொடுக்கத்தக்க தனி அடையாளம் இன்னும் கைக்கு வரவில்லை. கட்டியாகத் திரண்ட புற்றுக்குள் டி செல்கள் நுழைவதே கஷ்டம், நுழைந்தாலும் அங்கே சோர்ந்துபோகின்றன. ஆகவே 1933-இல் நெய்யூர்க் கட்டுரை சுட்டிய வழிதான் வாய்ப்புற்றுக்கு இன்றும் முதல் தடுப்பு: புகையிலையைத் துப்பிவிடுவது.

இன்னொரு எச்சரிக்கையும் உண்டு. புகுத்திய மரபணு எந்த இடத்தில் தைக்கப்படும் என்பது நம் கையில் இல்லை. சிகிச்சை பெற்ற சிலருக்கு டி செல்லிலேயே புதிதாகப் புற்று வந்ததால், 2024-இல் அமெரிக்க மருந்து ஆணையம் இந்த வகை மருந்துகள் எல்லாவற்றின் மேலும் அந்த எச்சரிக்கையை அச்சிடச் சொன்னது. அது அபூர்வம். வேறு வழி தீர்ந்துபோன நோயாளிக்கு அந்த ஆபத்தை ஏற்பதில் நியாயம் இருக்கிறது. முதல் நாளே இதைக் கேட்டு வருபவருக்கு டாக்டர் யோசித்துத்தான் பதில் சொல்வார்.

கடைசியில் காசு. முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தில் ஒரு குடும்பத்துக்கு ஆண்டுக்கு ஐந்து லட்சம். மும்பை மருந்து சந்தைக்கு வந்தபோது முப்பது லட்சத்துக்கு மேல். தோவாளைப் பூக்காரரோ குளச்சல் மீனவரோ இந்த இடைவெளியை நிலம் விற்றுத் தாண்ட முடியாது. ரேடியத்தை ஊருக்கு ஊர் கொண்டுபோனதுபோல இந்த மருந்தைக் கொண்டுபோக முடியாது. இதைச் செய்யத் தெரிந்தவர்களையும் செய்யும் இடங்களையும்தான் பெருக்க வேண்டும். அரசு காசு போடவேண்டிய இடம் விலைக்கு வாங்கும் ஊசி இல்லை, ஆய்வகம்.

நாற்றங்காலே வேண்டாம், வயலிலேயே பொடிவிதை போட்டுவிடலாம் என்று ஒரு கூட்டம் கிளம்பியிருக்கிறது. செல்லை வெளியே எடுக்காமல், மரபணுவை நேராக ரத்தக்குழாயில் ஏற்றி உடம்புக்குள்ளேயே கார்–டி செல் ஆக்கும் முயற்சி. சீனாவில் விரல்விட்டு எண்ணத்தக்க நோயாளிகளிடம் செய்து பார்த்த முடிவுகள் 2025-இல் வந்திருக்கின்றன. அது பலித்தால் மேலே போட்ட விலைக்கணக்கு முழுவதையும் திருப்பி எழுத வேண்டியிருக்கும். அதை அடுத்த வாரம் பார்ப்போம்.

(தொடரும்)