கை ஒடிந்தால் வீட்டுச் செலவுக்கு என்ன வழி? அரசு உதவி, இன்ஷூரன்ஸ்... இரண்டும் சேர்ந்து கிடைக்குமா?

*‘ஒரு பக்கம் வாங்கினால் மறு பக்கம் கிடைக்காது’ என்று பலரும் விட்டுவிடுகிறார்கள். அது எங்கே சரி, எங்கே தவறு?*

நாகர்கோவில் வடசேரியில் கோயில் நகை செய்யும் வீடுகளுக்கு மூலதனமே இரண்டு கைகள்தான். வெள்ளித் தகட்டில் சிவப்புக் கெம்புக் கற்களை ஒவ்வொன்றாகப் பதித்துச் செய்யும் இந்த நகைகள் புவிசார் குறியீடு பெற்றவை. பரதநாட்டிய மேடைகளில் மின்னுபவை. ஆனால், செய்து முடித்த வேலைக்குத்தான் கூலி. பஸ் ஸ்டாண்டு பக்கம் பைக் சறுக்கி மணிக்கட்டு உடைந்தால், எலும்பு கூடும் வரை வருமானம் பூஜ்ஜியம்.

ஒரு குடும்பத்தை உதாரணமாக வைத்துக்கொள்வோம். கணவர் வீட்டிலேயே நகை வேலை செய்கிறார். மனைவிக்கு ஜவுளிக்கடையில் மாதம் ரூ.15,000 சம்பளம். இருவருக்கும் ஒரே மாதிரி விபத்து நடந்தாலும் கிடைக்கும் பாதுகாப்பு ஒன்றல்ல.

மனைவிக்கு இ.எஸ்.ஐ

10 பேர் அல்லது அதற்கு மேல் வேலை செய்யும் கடை, மாதச் சம்பளம் ரூ.21,000-க்குள் என்றால் இ.எஸ்.ஐ உண்டு. சம்பளத்தில் 0.75% தொழிலாளியிடம் பிடிப்பார்கள். முதலாளி 3.25% கட்ட வேண்டும். ரூ.15,000 சம்பளத்துக்கு மாதம் சுமார் ரூ.113-தான் பிடித்தம்.

* நோய் வந்து வேலைக்குப் போக முடியாவிட்டால்: தினச் சம்பளத்தில் 70%, ஆண்டுக்கு 91 நாள்கள் வரை. ரூ.500 தினச் சம்பளத்துக்கு ரூ.350. முழு 91 நாள்களுக்கும் ரூ.31,850. ஆனால், ஆறு மாத சந்தா காலத்தில் 78 நாள்களுக்காவது சந்தா கட்டியிருக்க வேண்டும்.
* வேலையில் காயம் பட்டால்: 90%, அதாவது ரூ.450. வேலைக்குத் திரும்பும் நிலை வரும் வரை கிடைக்கும். வேலைக்குப் போகும் வழியில் நடக்கும் விபத்தும், வேலையோடு அதற்குள்ள தொடர்பு நிரூபணமானால், இதில் சேரும்.

எது சேராது?

இ.எஸ்.ஐ விதி இதில் கறார். அதன்படி ஒரு பலன் கிடைக்கும்போது, அதே மாதிரியான பலனை வேறு சட்டத்தின் கீழ் வாங்க முடியாது. வேலையில் பட்ட காயத்துக்கு இ.எஸ்.ஐ இருந்தால், முதலாளியிடம் தனியாக இழப்பீடு கேட்க முடியாது. ஒரே நாளுக்கு நோய்ப் பலனும் காயப் பலனும் சேர்ந்து வராது. சம்பளத்தோடு விடுப்பு எடுத்த நாளுக்கும் நோய்ப் பலன் இல்லை.

எது சேரும்?

சொந்தப் பணத்தில் பிரீமியம் கட்டி எடுத்த பாலிசி என்பது ஒப்பந்தம். அது வேறொரு சட்டப் பலன் அல்ல. தனிநபர் விபத்து பாலிசி, மருத்துவமனையில் இருக்கும் நாளுக்கு இவ்வளவு என்று தரும் பாலிசி இரண்டுமே நிர்ணயித்த தொகையைத் தருபவை. அதனால் இ.எஸ்.ஐ பணத்தோடு இதையும் வாங்கலாம். மருத்துவச் செலவை ஈடுகட்டும் பாலிசி மட்டும் வேறு. ஒரே பில்லுக்கு இரண்டு இடத்தில் பணம் வாங்க முடியாது.

கணவருக்கு என்ன வழி?

வீட்டுத் தொழிலுக்கு இ.எஸ்.ஐ இல்லை. அவருக்கு இருப்பது பொற்கொல்லர் நலவாரியம். விபத்து மரணம், ஊனத்துக்கான உதவியும் 60 வயதுக்கு மேல் ஓய்வூதியமும் அதில் உண்டு. மூன்று மாதக் கூலியை அது ஈடுகட்டாது.

வங்கிக் கணக்கில் ஆண்டுக்கு ரூ.20 பிடிக்கும் பிரதமரின் சுரக்ஷா பீமா திட்டத்தில் விபத்து மரணத்துக்கும் முழு ஊனத்துக்கும் ரூ.2 லட்சம். ஒரு கையோ, ஒரு கண்ணோ நிரந்தரமாகச் செயலிழந்தால் ரூ.1 லட்சம். வேறு இன்ஷூரன்ஸ் இருந்தாலும் இது கூடுதலாகக் கிடைக்கும். ஆனால், ஒடிந்து பிறகு சேர்ந்துவிடும் மணிக்கட்டுக்கு ஒரு ரூபாய்கூட இல்லை.

அந்த இடைவெளியை அடைப்பது விபத்து பாலிசியில் உள்ள ‘தற்காலிக முழு இயலாமை’ என்ற பிரிவு. 2021 முதல் எல்லா பொதுக் காப்பீட்டு நிறுவனங்களும் விற்கும் ‘சரல் சுரக்ஷா பீமா’வில் இது விருப்பத் தேர்வு. காப்பீட்டுத் தொகையில் வாரம் 0.2%, 100 வாரங்கள் வரை. ரூ.10 லட்சம் பாலிசிக்கு வாரம் ரூ.2,000. விபத்துக்கு மட்டும்தான், நோய்க்கு இல்லை.

நீதிமன்றம் என்ன சொன்னது?

சாலை விபத்து இழப்பீட்டில் ஆயுள் காப்பீட்டுப் பணத்தைக் கழிக்கக் கூடாது என்று 1998-ல் ஹெலன் ரெபெல்லோ வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. அது இறந்தவர் பிரீமியம் கட்டிச் சேர்த்த பணம். 2016-ல் சஷி சர்மா வழக்கில் தீர்ப்பு வேறு. ஹரியானா அரசு ஊழியர் குடும்பத்துக்குச் சம்பளத்துக்கு ஈடாக அரசு தரும் உதவித்தொகையை இழப்பீட்டிலிருந்து கழிக்கலாம் என்றது. ஒரே சம்பள இழப்புக்கு இரண்டு முறை ஈடு கிடையாது என்பதே அடிப்படை.

இங்கிலாந்தில் இருக்கும் உறவினர் சொல்வதை இங்கே அப்படியே பொருத்திப் பார்க்க வேண்டாம். அங்கே ‘யுனிவர்சல் கிரெடிட்’ உதவி பெறுபவருக்கு இன்ஷூரன்ஸிலிருந்து மாதப் பணம் வந்தால், அதே அளவு அரசு உதவி குறையும்.

செய்ய வேண்டியவை

* சம்பளச் சீட்டில் இ.எஸ்.ஐ பிடித்தம் இருக்கிறதா என்று பாருங்கள்.
* பாலிசி எடுக்கும்போது ‘தற்காலிக முழு இயலாமை’ இருக்கிறதா என்று ஏஜென்டிடம் கேட்டு, பத்திரத்திலும் சரிபாருங்கள்.
* முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டத்துக்கு ஆண்டு வருமானம் ரூ.1,20,000-க்குள் என்று சான்று வாங்கிவிட்டு, பாலிசி படிவத்தில் அதிக வருமானம் எழுதாதீர்கள். கிளைம் நேரத்தில் கேள்வி வரும்.
* விபத்து நடந்ததும் மருத்துவச் சான்று, எஃப்.ஐ.ஆர் நகல், பில்கள் எல்லாவற்றையும் இரண்டு பிரதி எடுத்து வையுங்கள்.
* வங்கி, நலவாரியம், இ.எஸ்.ஐ, இன்ஷூரன்ஸ்... எந்தெந்த உதவி இருக்கிறது என்பதை ஒரே தாளில் எழுதி, வீட்டில் இருப்பவர்களிடம் சொல்லி வையுங்கள். படுக்கையில் கிடப்பவரால் அலைய முடியாது. அலையப்போவது அவர்கள்தான்.