நடுக்க நோயும் மூளையின் டோபமினும்

முதியவர் ஒருவரின் கை நடுங்கக் கண்டால், "வயது சென்றால் அப்படித்தான்" என்று கூறி அமைவது நம்மவர் வழக்கம். ஆயினும், எல்லா நடுக்கமும் முதுமையின் இயல்பன்று; பாக்கின்சன் நோயின் அறிகுறியாகவும் அஃது இருத்தல் கூடும்.

இந்நோயை இலண்டன் வைத்தியர் ஜேம்ஸ் பாக்கின்சன் ஆறு நோயாளரைக் கொண்டு 1817ஆம் ஆண்டில் விளக்கி எழுதினார். ஓய்ந்திருக்கும் கை செக்கனுக்கு ஏறத்தாழ 4 முதல் 6 முறை நடுங்கும்; ஒரு பொருளை எடுக்க நீட்டும்போது நடுக்கம் குறையும். தசைகள் விறைத்து, இயக்கம் மந்தமாகும்.

இதற்குக் காரணம் யாது? நடுமூளையிலே கருநிறமான ஒரு பகுதி உண்டு. அங்குள்ள நரம்புக் கலங்கள் டோபமின் என்னும் இரசாயனப் பொருளை ஆக்கி, அசைவுகளை ஒழுங்குபடுத்தும் ஆழ்பகுதிக்குச் செலுத்துகின்றன. இக்கலங்கள் சிறிது சிறிதாக அழியவே டோபமின் குன்றி, அசைவின் ஒழுங்கு குலைகின்றது.

இவ்வுண்மைக்கு வழிகாட்டியவை முயல்களாகும். சர்ப்பகந்தி வேரிலிருந்து பெறப்படும் றிசேர்ப்பின் என்னும் மருந்து மூளையின் டோபமினை வற்றச்செய்யும். 1957ஆம் ஆண்டிலே சுவீடன் நாட்டு அறிஞர் ஆர்விட் கார்ல்சன் அம்மருந்தை முயல்களுக்குச் செலுத்த, அவை அசைவற்றுக் கிடந்தன. பின்னர், டோபமினாக மாறவல்ல டோப்பா என்னும் பொருளைச் செலுத்தியதும் அவை மீண்டும் இயங்கத் தொடங்கின. 1960ஆம் ஆண்டில் வியன்னாவில் ஏரிங்கர், ஹோர்னிக்கீவிச் ஆகிய இருவரும் இறந்த நோயாளரின் மூளைகளை ஆராய்ந்து, டோபமின் பெரிதும் குறைந்திருத்தலைக் கண்டனர். கார்ல்சனுக்கு 2000ஆம் ஆண்டில் நொபெல் பரிசு கிடைத்தது.

அவ்வாறாயின் டோபமினையே மருந்தாகக் கொடுத்தல் ஆகாதோ எனின், ஆகாது. குருதியிலிருந்து மூளையுட் புக அதனால் இயலாது. டோப்பாவோ புகவல்லது. 1967ஆம் ஆண்டில் அமெரிக்காவிலே கொட்சியாஸ் என்பார் அதனைச் சிறிதளவில் தொடங்கிப் படிப்படியாகக் கூட்டிக் கொடுத்து, நோயாளர் பலர் நலமடையக் கண்டார். அதன் ஒரு வடிவமான லெவோடோப்பாவே இன்றும் முதன்மையான மருந்தாகும்.

எனினும், அம்மருந்து குறையை நிரப்புமேயன்றிக் கலங்களின் அழிவைத் தடுக்காது. விறைப்பும் மந்தமும் தணியுமளவுக்கு எல்லாரிடத்தும் நடுக்கம் தணிவதில்லை. நெடுநாட் பயன்பாட்டால் வேண்டா அசைவுகளும் தோன்றலாம். அன்றியும், கலங்களுட் பெரும்பகுதி அழிந்த பின்னரே நோய் வெளிப்படுகின்றது.

ஆதலால், நடுங்கும் கையைக் கண்டு முதுமையின் மேற் பழிசுமத்தி வாளாவிருத்தல் தகாது. தக்க வைத்தியரிடம் காட்டின், தம் கருமங்களைத் தாமே ஆற்றும் ஆண்டுகள் பலவற்றை அம்முதியவர் பெறுதல் கூடும்.